‘உள் லேயர் போயிடுச்சு சார்’: மல்டிலேயர் போர்டுக்குள் என்னதான் இருக்கிறது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிகளில் ஏதாவது ஒரு மிஷின் மக்கர் பண்ணாமல் இருக்காது. ரோலர் என்றால் பெல்ட்டையோ பேரிங்கையோ மாற்றி ஓட்டிவிடலாம். தூளிலிருந்து நாரையும் காம்பையும் கேமரா வைத்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் நின்றுவிட்டால் கதை வேறு. கழற்றிப் பார்க்கும் மெக்கானிக் போர்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது மல்டிலேயர். உள் லேயர் போயிடுச்சு சார், போர்டையே மாத்தணும்” என்பார். விலையைக் கேட்டதும் முதலில் எழும் சந்தேகம், நிஜமாகவே சரிசெய்ய முடியாதா, இல்லை இவருக்குத் தெரியவில்லையா என்பதுதான்.

இதே வார்த்தை இப்போது செய்தியிலும் அடிபடுகிறது. மின்னணு உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே செய்ய 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. அந்த அக்டோபரில் முதல் தவணையாக அனுமதி பெற்ற ஏழு திட்டங்களின் மதிப்பு 5,532 கோடி. அவற்றில் ஐந்து தமிழ்நாட்டுக்கு. ‘மல்டிலேயர் பிசிபி’ (பல அடுக்கு மின்சுற்றுப் பலகை), ‘எச்டிஐ’, ‘லேமினேட்’ என்ற பெயர்கள் அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு பச்சைப் பலகையைச் செய்ய இத்தனை கோடியா என்று பலர் கேட்டார்கள்.

மெக்கானிக் கைவிரிப்பதற்கும் அரசு கோடிகளை ஒதுக்குவதற்கும் காரணம் ஒன்றுதான். இந்தப் போர்டு அடுக்கி, ஒட்டி, அழுத்தி, வேகவைத்துச் செய்யப்படுவது. வெந்தபின் அதைப் பிரித்துப் பார்க்க வழியே கிடையாது.

ஏன் இரண்டு பக்கம் போதவில்லை?

பழைய ரேடியோ, வீட்டு இன்வெர்ட்டர் போன்றவற்றின் போர்டில் செம்புத் தடம் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ ஓடும். கடைக்காரர்கள் இதை ‘டிராக்’ என்பார்கள். கண்ணுக்குத் தெரியும், அறுந்தால் ஒயர் வைத்துச் சால்டர் பண்ணிவிடலாம். கம்ப்யூட்டருக்கு அது போதாமல் போனதற்கு மூன்று காரணங்கள்.

1. இடம். இன்றைய மேசைக் கணினி பிராசசர் ஒன்றின் அடியில் 1,700 தொடுமுனைகள் இருக்கின்றன. உள்வரிசையில் இருக்கும் முனையிலிருந்து தடம் வெளியே வர, வெளிவரிசை வழிவிட வேண்டும். விடாது. ஆகவே கீழ்த்தளத்துக்கு இறங்கித்தான் போயாக வேண்டும்.

2. திரும்பும் வழி. மின்சாரம் போனால் திரும்பி வரவும் வேண்டும். வேகமான சிக்னல் தன் தடத்துக்கு நேர் அடியிலேயே திரும்பி வரப் பார்க்கும். அங்கே முழுத் தகடாக ஒரு கிரவுண்ட் லேயர் இருந்தால் அமைதியாகத் திரும்பும். இல்லாவிட்டால் சுற்றி வளைத்து வரும். அந்த வளையமே ஆன்டெனாவாகிப் பக்கத்துத் தடங்களில் இரைச்சலைக் கிளப்பும்.

3. அலை. ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறதே ரேடியோ தொலைநோக்கி, அது 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. அந்த அலையின் நீளம் காற்றில் சுமார் 92 செ.மீ. போர்டுக்குள் அலையின் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடுவதால் அது 46 செ.மீ. அளவுக்குச் சுருங்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் இணைப்பில் 8 கிகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் சிக்னல் ஓடுகிறது. அதன் அலைநீளம் போர்டுக்குள் 2 செ.மீ.கூட இல்லை. தடமே அலையைவிட நீளம் என்னும் நிலையில் அது வெறும் செம்புக் கம்பி போல நடந்துகொள்ளாது. தடத்தின் அகலம், கீழ்த்தகட்டுக்கும் அதற்கும் உள்ள தூரம், நடுவில் இருக்கும் பொருள் மூன்றையும் கணக்கிட்டு 50 ஓம், 90 ஓம் என்று ஒரு மின்மறுப்பை அமைக்க வேண்டும்.

லேயர் என்றால் கூடுதல் தடம் போடக் கூடுதல் இடம் என்றே பொதுவாக நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. நான்கு லேயர் போர்டில் நடு இரண்டு லேயர்களில் வழக்கமாகத் தடமே இருக்காது; ஒன்று கிரவுண்ட், இன்னொன்று பவர், இரண்டும் முழுத் தகடு. தடமெல்லாம் வெளியே உள்ள இரண்டில்தான். அப்படியும் இரண்டு லேயர் போர்டைவிட அது பல மடங்கு ஒழுங்காக வேலை செய்வதற்கு இரண்டாவது காரணமே காரணம்.

என்னென்ன பொருள்?

மூன்றே மூன்று.

கோர்: கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸி பிசினில் நனைத்து, முழுதாக வேகவைத்து இறுக்கி, இரண்டு பக்கமும் செம்பு ஒட்டிய தகடு. செய்தியில் வரும் ‘லேமினேட்’ இதுதான். பொதுவான வகைக்கு எஃப்ஆர்-4 என்று பெயர். தீ எளிதில் பரவாது என்பதை அந்த எழுத்துகள் குறிக்கின்றன. செம்பின் கனத்தை இன்னமும் ‘ஒரு அவுன்ஸ்’, ‘அரை அவுன்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். ஒரு சதுர அடியில் ஒரு அவுன்ஸ் செம்பைப் பரப்பினால் வரும் கனம் அது, 35 மைக்ரான்.

பிரிப்ரெக்: அதே கண்ணாடித் துணி, அதே பிசின், ஆனால் அரைவேக்காடு. தொட்டால் காய்ந்த தாள் மாதிரி இருக்கும். சூடு பட்டால் உருகி வழிந்து, அப்புறம் நிரந்தரமாக இறுகும். இதுதான் பசை, இதுதான் மின்காப்பு. ஒரு தாள் அதன் நெசவைப் பொறுத்து 0.07 மி.மீ. முதல் 0.2 மி.மீ. வரை இருக்கும்.

செம்புத் தாள்: மேலும் கீழும் வெளி லேயர் ஆகப்போவது.

நான்கு லேயர் போர்டில் நடுவில் ஒரு கோர். அதன் இரு முகங்களும் லேயர் 2, லேயர் 3. மேலும் கீழும் பிரிப்ரெக், அதற்கும் வெளியே செம்புத் தாள். ஆறு லேயர் என்றால் இரண்டு கோர், எட்டு என்றால் மூன்று. ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் ஏன் செய்வதில்லை? நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் செம்பும் பிசினும் சமமாக இல்லாவிட்டால் ஆறும்போது போர்டு அப்பளம் மாதிரி வளைந்துவிடும். சின்ன ஐசிக்களைப் பொருத்தும் போர்டில் 0.75 சதவீதத்துக்கு மேல் வளைவு கூடாது என்பது விதி. 30 செ.மீ. மதர்போர்டில் அது 2 மி.மீ. சொச்சம்.

உள்ளிருந்து வெளியே: செய்முறை

1. உள் லேயரில் படம் பதித்தல். கோரைச் சுத்தம் செய்து, ஒளிபட்டால் இறுகும் மெல்லிய படலத்தை அதன்மேல் ஒட்டுகிறார்கள். தடங்களின் படம் உள்ள பிலிமை மேலே வைத்துப் புற ஊதா ஒளி பாய்ச்சினால், தடம் வர வேண்டிய இடம் மட்டும் இறுகும். இந்த அறையில் மஞ்சள் விளக்குதான் எரியும். பிறகு சோடா உப்புக் கரைசலில் மீதிப் படலத்தைக் கழுவி, குப்ரிக் குளோரைடு தெளித்து, திறந்து கிடக்கும் செம்பை அரித்துவிடுகிறார்கள். கடைசியில் இறுகிய படலத்தையும் உரித்தால் தடம் மின்னும்.

அந்தப் பிலிம், பாலியெஸ்டர் தாளில் வெள்ளி உப்புப் பூசியது. நீலகிரிக்காரர்களுக்கு இது அந்நியமான சங்கதி இல்லை. ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பல ஆண்டுகள் செய்ததும் வெள்ளி உப்புப் பிலிம்தான்; தூசி குறைந்த மலைக்காற்றுக்காகத்தான் அந்த ஆலை அங்கே வந்தது. போர்டு தொழிலுக்குத் தூசியோடு ஈரமும் எதிரி. காற்றில் ஈரப்பதம் 10 சதவீதம் கூடினால் 50 செ.மீ. பிலிம் சுமார் 0.05 மி.மீ. நீளும். முடி அகலம்தானே என்று தோன்றும். அது எங்கே உதைக்கும் என்பது நான்காவது படியில் தெரியும். இப்போது பெரிய ஆலைகள் பிலிமையே விட்டுவிட்டு லேசரால் நேராகப் படம் வரைகின்றன.

2. சோதனை. ஒவ்வொரு உள் லேயரையும் கேமரா வைத்து மூலப்படத்தோடு ஒப்பிடுகிறார்கள். அரிக்காமல் விட்ட செம்பையும் அறுந்த தடத்தையும் சரிசெய்ய இதுவே கடைசி வாய்ப்பு. மொத்தச் செய்முறையிலும் முக்கியமான இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பல கோடி ரூபாய் பிரஸ்ஸும் டிரில்லும் கவனத்தை இழுத்துக்கொள்கின்றன, ஆனால் போர்டின் ஆயுள் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

3. அடுக்கி அழுத்துதல். வழவழப்பான செம்பில் பிசின் பிடிக்காது. அதனால் ரசாயனத்தில் முக்கி, மேற்பரப்பைக் கறுப்பாகவோ பழுப்பாகவோ சொரசொரப்பாக்குகிறார்கள். பிறகு தூசியில்லா அறையில் செம்புத் தாள், பிரிப்ரெக், கோர், பிரிப்ரெக், செம்புத் தாள் என்று முளைக்குச்சிகளில் கோத்து அடுக்குகிறார்கள். அடுக்கு பிரஸ்ஸுக்குள் போகிறது. காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, ஏறக்குறைய 180 டிகிரி வரை சூடேற்றி, சதுர செ.மீ.க்குப் பல கிலோ அழுத்தம் கொடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் வைக்கிறார்கள். பிசின் உருகித் தடங்களின் சந்துகளில் ஓடி நிரம்பி, இறுகுகிறது. ஆறுவதும் அழுத்தத்திலேயே.

இந்தச் சூட்டில் கோர் சும்மா இருக்காது, சுருங்கும். 50 செ.மீ. பேனலில் பத்தில் ஒன்றிரண்டு மி.மீ. வரை இழுக்கும். இந்தத் துணி, இந்தக் கனம், இவ்வளவு செம்பு என்றால் இவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணித்து, படத்தையே அந்த அளவு பெரிதாக்கிப் பதிக்கிறார்கள். ஒவ்வொரு ஆலையும் வருடக்கணக்கில் பழகித் தேற்றிக்கொள்ளும் கணக்கு இது. மிஷின் வாங்கும்போது கூட வராது.

4. துளையிடுதல். உள்ளே லேயர்கள் எங்கே நிற்கின்றன என்று எக்ஸ்ரேயில் பார்த்து, அதற்கேற்ப டிரில் மிஷினைத் திருத்துகிறார்கள். டங்ஸ்டன் கார்பைடு முனை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். துளை 0.25 மி.மீ., அதைச் சுற்றியுள்ள செம்பு வட்டம் 0.45 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்கு 0.1 மி.மீ.தான் மிச்சம். பிலிமில் 0.05, சுருக்கத்தில் 0.05 என்று பிசகினால் துளை வட்டத்தின் விளிம்புக்கே வந்துவிடும்.

5. துளைக்குள் சுத்தம். டிரில் முனையின் சூட்டில் பிசின் உருகி, துளைச் சுவரில் தெரியும் உள் லேயர்ச் செம்பின் விளிம்பை மெழுகிவிடும். பெர்மாங்கனேட் கரைசலில் அதை அரித்தெடுக்க வேண்டும். சரியாக எடுக்காவிட்டால் அடுத்துப் பூசும் செம்பு அழுக்கின்மேல் உட்காரும். அந்தப் போர்டு புதிதாக இருக்கும்போது எல்லாச் சோதனையிலும் தேறிவிடும்; இரண்டு வருடம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒருநாள் தொடர்பு விட்டுவிடும். தட்டினால் வேலை செய்கிறது, விட்டால் நிற்கிறது என்று வரும் போர்டுகளில் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இது ஒன்று.

6. துளைக்குள் செம்பு. துளைச் சுவர் பிசினும் கண்ணாடியும், மின்சாரம் ஏறாது. ஏறாத இடத்தில் மின்முலாம் எப்படிப் பூசுவது? முதலில் பல்லேடியம் துகளைப் படியவிட்டு, அதைத் தூண்டுகோலாக வைத்து, மின்சாரமே இல்லாமல் ரசாயன முறையில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான செம்பைப் படியவைக்கிறார்கள். அதன்மேல் காப்பர் சல்பேட் தொட்டியில் மின்முலாம். துளைச் சுவரில் சராசரியாக 20 மைக்ரான் வேண்டும், உயிர்காக்கும் கருவி, விமானம் போன்றவற்றுக்கு 25. இந்தச் செம்புக் குழாய்க்குத்தான் ‘வியா’ என்று பெயர். லேயர்களை இணைக்கும் ஒரே படிக்கட்டு இதுதான்.

7. மிச்சம். வெளி லேயரில் தடம், பச்சை மை, எழுத்து, சால்டர் பிடிக்கும் இடங்களில் வெள்ளீயமோ நிக்கலும் தங்கமுமோ, வெட்டுதல், மின்சோதனை. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இந்தப் படியில் வருவதுதான்.

எச்டிஐ என்றால்?

செல்போன் போர்டில் மேலிருந்து கீழ்வரை துளைத்தால் தேவையில்லாத லேயர்களிலும் இடம் வீணாகும். ஆகவே முதலில் உள்பகுதியை ஒரு முழுப் போர்டாகவே செய்து முடித்து, அதன்மேல் இன்னொரு பிரிப்ரெக்கும் செம்பும் வைத்து மறுபடி அழுத்தி, லேசரால் 0.1 மி.மீ. அளவு துளையை அந்த ஒரே லேயர் ஆழத்துக்கு மட்டும் போடுகிறார்கள். வேண்டுமானால் அதன்மேல் இன்னொரு முறை. இதுதான் எச்டிஐ. ஒவ்வொரு முறையும் மூன்றிலிருந்து ஆறு வரையான படிகள் திரும்ப நடக்கும், ஒவ்வொரு முறையும் சுருங்கும்.

கோடிகள் எங்கே போகின்றன என்பதற்கு ஒரு மனக்கணக்கு. ஒவ்வொரு உள் லேயரும் நூற்றுக்கு 98 நன்றாக வருகிறது, ஆனால் கெட்டதைக் கண்டுபிடிக்காமல் அழுத்திவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு லேயர் போர்டில் உள் லேயர் நான்கு. நூற்றில் 92 தேறும். பன்னிரண்டு லேயரில் உள் லேயர் பத்து, 82தான் தேறும். ஒரு லேயர் கெட்டால் பன்னிரண்டும் குப்பை. லேமினேட் ஆலைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கியதில் அர்த்தம் இருக்கிறது. கோரும் பிரிப்ரெக்கும் வெளிநாட்டிலிருந்து வரும்வரை, பிரஸ்ஸை இங்கே வைத்திருப்பது அரிசியை வெளியே வாங்கி இட்லிக் கொப்பரையை மட்டும் சொந்தமாக வைத்திருப்பது மாதிரி.

போர்டு மலையேறினால்

ஊட்டி வர்க்கியைத் திறந்த டப்பாவில் வைத்தால் ஒரே ராத்திரியில் நமத்துவிடும். எபாக்ஸியும் நமக்கும், மெதுவாக. எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவான ஈரம்தான் ஏறும், தொட்டுப் பார்த்துத் தெரியாது. மலையில் போர்டுக்கு வரும் கோளாறுகள் மூன்று விதம், அவற்றில் இரண்டு இந்த ஈரத்தால்.

1. வீக்கம். ஈரம் ஏறிய போர்டில் ஐசியை மாற்ற 240, 250 டிகிரிச் சூடு காட்டினால், உள்ளே உள்ள நீர் நொடியில் ஆவியாகி லேயர்களைப் பிரித்துத் தள்ளும். மேலே வெளிறிய கொப்புளம் தெரியும். புதுப் போர்டுகள் சிலிக்கா ஜெல்லோடு ஈரம் புகாத பையில் வருவது இதற்காகத்தான். தேயிலைத் தூளுக்கு உள்ளே ஃபாயில் ஒட்டிய பை போடுகிற ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

2. உள் ஷார்ட். ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால், கண்ணாடி இழைக்கும் பிசினுக்கும் நடுவில் உள்ள மயிரிழைச் சந்து வழியே ஒரு வியாவிலிருந்து பக்கத்து வியாவை நோக்கிச் செம்பு உப்பு இழையாக வளரும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்ந்து ஒருநாள் தொட்டுவிடும். மெக்கானிக் ‘உள்ளே போயிடுச்சு’ என்பதில் உண்மையிலேயே உள்ளே போனது இது.

3. வியா விரிசல். இது ஈரத்தால் வருவதில்லை, சூட்டால் வருவது. எபாக்ஸி பலகை கனவாக்கில் செம்பைப் போல மூன்று நான்கு மடங்கு விரியும். ராத்திரி பனியில் குளிர்ந்து கிடந்த மிஷினைக் காலையில் போட்டால் வியாவின் செம்புக் குழாய் மேலும் கீழும் இழுபடும். முலாம் மெலிந்த இடத்தில் விரிசல் விடும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில சார்ஜர், பவர் சப்ளைகளில் மலை படம் போட்டு 2,000 மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். காற்று மெலிந்தால் மின்பொறி எளிதில் தாவும். பாதுகாப்பு விதிகளில் உள்ள இடைவெளி 2,000 மீட்டர் வரைக்கும் கணக்கிட்டது. ஊட்டி 2,240 மீட்டர். 3,000 மீட்டரில் இடைவெளியை 1.14 மடங்காக்க வேண்டும் என்பதால் ஊட்டிக்கு மூன்று சதவீதம் போலக் கூடுதலாக வேண்டும். பயப்படும் அளவு இல்லை. குன்னூரும் கோத்தகிரியும் கோட்டுக்குக் கீழேதான். அதோடு இந்தக் கவலை வெளி லேயருக்கு மட்டும். உள் லேயரில் காற்றே இல்லை.

அப்படியானால் மெக்கானிக் சொல்வது சரியா?

பல சமயம் சரி. ஆனால் போர்டை மாற்றச் சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை உண்டு.

1. நிஜமாகவே மல்டிலேயரா? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், தடமில்லாத இடத்திலும் ஒளி ஊடுருவவில்லை என்றால் உள்ளே தகடு இருக்கிறது. சில போர்டுகளின் ஓரத்தில் 1, 2, 3, 4 என்று லேயர் எண்கள் சின்னச் சாளரத்தில் தெரியும்.

2. தேயிலைப் பஞ்சைத் துடைத்துப் பார்த்தாரா? போர்டில் படியும் அந்தத் தூசி ஈரத்தை இழுத்து, மேலேயே மின்கசிவை உண்டாக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி நன்றாகக் காயவைத்தால் எழுந்து ஓடும் போர்டுகள் கணிசம். உள் லேயர்மேல் பழி போடும் முன் இதைச் செய்தாக வேண்டும்.

3. பவருக்கும் கிரவுண்டுக்கும் ஷார்ட் என்றால் உடனே உள் லேயர் என்று முடிவு கட்டக் கூடாது. மேலே நிற்கும் கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆனாலும் மீட்டர் அதையேதான் காட்டும். குறைந்த வோல்டேஜ் கொடுத்து எது சூடாகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

4. ஒரு தடம் மட்டும் அறுந்திருந்தால் வெளியே ஒயர் இழுக்கலாம். மெதுவான சிக்னலுக்கு அது தாங்கும். மெமரிக்கும் கேமராவுக்கும் போகும் தடத்தில் ஒயர் போட்டால், மின்மறுப்புக் கணக்கு குலைந்து சிக்னல் சிதறும்.

5. உள்ளே தகட்டுக்கும் தகட்டுக்கும் ஷார்ட் என்று உறுதியானால் போர்டை மாற்றத்தான் வேண்டும்.

பழைய ஸ்பேர் போர்டு வாங்கி அதில் ஐசி மாற்றுவதாக இருந்தால், சால்டர் வைக்கும் முன் காயவைக்கச் சொல்லுங்கள். வெறும் போர்டு என்றால் 105 முதல் 125 டிகிரியில் சில மணி நேரம்; பாகங்கள் பொருத்திய போர்டு அந்தச் சூட்டைத் தாங்காது, பேட்டரியைக் கழற்றிவிட்டுக் குறைந்த சூட்டில் ராத்திரி முழுக்க. ஃபேக்டரி டிரையரில் போடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சூடு என்னவோ கிட்டத்தட்டச் சரிதான். ஆனால் துடைத்தெடுத்த பஞ்செல்லாம் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும்.